உரிமையாளரின் முகம்

ஜப்பானின் பழைய கேம் கம்பனி ஒன்றை ஒரு மொபைல் கம்பனி வாங்கிவிட்டது. இன்றைக்குள் போனுக்கு மாற்றப்படாத கேம் வீரர்கள் எல்லாரும் அழிந்துவிடுவார்கள் என்று அறிவித்தல் வந்ததும், பருத்தித்துறையில் சிவகௌரி அம்மாவைக் கூப்பிட்டாள்.

அந்த வீரர்களில் ஒருவன், அவளுடைய அண்ணன் தன் பெயரையே வைத்து, பத்து வருடம் விளையாடி வளர்த்தவன்.

“அவனும் போயிடுவானோ?” என்றாள் அம்மா.

“இல்லையம்மா. அண்ணையின்ரை முகத்தைப் போனுக்குக் காட்டினால் போதுமாம்.”

“பொறு, துடைச்சுவிடுறன்.” அம்மா சீலைத் தலைப்பால் அண்ணனின் முகத்தை மெதுவாகத் துடைத்தாள்.

சிவகௌரி போனை நேரே பிடித்தாள். ‘முகம் சரி’ என்று பச்சை எழுத்தில் வந்தது. அம்மா கைகூப்பினாள்.

அடுத்த வரியும் வந்தது: ‘இப்போது கண்களைச் சிமிட்டவும்.’

அண்ணனையே பார்த்தபடி இருவரும் நின்றார்கள்.

பிறகு அம்மா, கழற்றி வைத்திருந்த மாலையை எடுத்து, மறுபடியும் படத்துக்குப் போட்டாள்.