இருநூற்றுப் பன்னிரண்டு பவுண்டு

மீனைப் பிடித்தது லொரெட்டா. பக்கத்தில் நின்று போட்டோவுக்குப் பல்லைக் காட்டியது அவள் கணவன் வென்டல்.

வேண்டுமென்று செய்ததல்ல. சனிக்கிழமை மாலை வாடகை மீன்பிடிப் படகு ஹாட்டரஸ் படகுத்துறைக்குத் திரும்பியபோது, யார் என்ன பிடித்தார்கள் என்று பார்க்க வழக்கம்போல் கூட்டம் கூடியிருந்தது. இருநூற்றுப் பன்னிரண்டு பவுண்டு சூரை மீன், வாலில் கயிறு கட்டித் தலைகீழாகத் தொங்கியது. லொரெட்டா கழிப்பறை தேடிப் போயிருந்தாள். பக்கத்தில் நின்றது வென்டல் மட்டும்தான்.

"யப்பா! எவ்வளவு நேரம் போராடினீங்க சார்?" என்றார் ஒரு தொப்பிக்காரர்.

"ஒன்றரை மணி நேரம்."

அது பொய்யில்லை. ஒன்றரை மணி நேரமும் வென்டல் போராடத்தான் செய்தான். வாளியோடு.

ஆறு மாதமாக இந்தக் கடல் பயணத்தைத் தவிர அவனுக்கு வேறு பேச்சே கிடையாது. அவனுடைய மெத்தைக் கடையில் படுத்துப் பார்க்க வந்தவர்களுக்கெல்லாம், ஆழ்கடலில் பெரிய மீனைக் களைக்க வைப்பது எப்படி என்று பாடம் எடுத்தான். கராஜில் மண் மூட்டையைக் கயிற்றில் கட்டி இழுத்துப் பழகினான். லொரெட்டா ஸ்கூல் பஸ் ஓட்டுகிறவள். ஒரு கதைப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு சும்மா துணைக்கு வந்தாள்.

அன்று காலை, கரையிலிருந்து நாற்பது மைல். கேப்டன் பர்விஸ் ஆறு தூண்டில்களைப் பின்னால் இழுத்துக்கொண்டு படகை ஓட்டினார். வென்டல் புறப்படுமுன் தின்ற சாஸேஜ் வைத்த பன் நாலும் ஏற்கெனவே வயிற்றிலிருந்து கடலுக்குப் போய்விட்டன. அவன் வாளியைக் கட்டிப்பிடித்துப் படகின் தரையில் கிடந்தான்.

அப்போதுதான் ஒரு ரீல் கிறீச்சிட்டது. தூண்டில் கழி வில்லாக வளைந்தது.

"சார், மாட்டிக்கிச்சு! பெருசு! ஓடி வாங்க!" என்று கேப்டன் கத்தினார்.

வென்டல் எழுந்தான். படகு ஓர் ஆட்டம் ஆடியது. உட்கார்ந்தான்.

"லொரெட்டா, ஒரு நிமிஷம் நீ பிடிச்சுக்கோ. இதோ வந்துட்டேன்."

அவள் புத்தகத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போய், தூண்டில் கழியைப் பிடித்துக்கொண்டு நாற்காலியில் அமர்ந்தாள்.

"இப்ப ரீலைச் சுத்தாதீங்க மேடம், ஓடவிடுங்க!"

"ஓடவிட்டா பஹாமாஸ் போய்த்தான் நிக்கும் போலிருக்கே!"

"நிக்கும், நிக்கும். நின்னதும் இழுங்க!"

மீன் முந்நூறு கஜம் ஓடியது. இழுத்தாள். மறுபடி ஓடியது. மறுபடி இழுத்தாள். பிறகு ஆழத்துக்குப் போய் அசையாமல் நின்றுகொண்டது.

"நாற்பத்தஞ்சு பிள்ளைங்களை ஒரே பஸ்ல அடக்குறவ நான். நீ ஒருத்தன்தானே? வாடா வெளியே!"

தரையிலிருந்து ஒரு குரல் வந்தது. "முதுகை நேரா வை லொரெட்டா! காலை நல்லா உதைச்சுக்கோ!"

"நீ உன் வாளியைப் பாரு வென்டல்."

ஒரு நிமிஷம் கேட்டவன் எழுந்து வந்தபோது, மீன் படகுக்குள் வந்து சேர்ந்திருந்தது.

இப்போது கரையில், கூட்டத்தை விலக்கிக்கொண்டு லொரெட்டா திரும்பி வந்தாள். வென்டலின் காது சிவந்தது. கேப்டன் ஏதோ சொல்ல வாயெடுத்தார். லொரெட்டா லேசாகத் தலையசைத்து அவரை நிறுத்தினாள்.

"வயித்தை உள்ளே இழு வென்டல். படத்துல அதுதான் முதல்ல தெரியுது."

அத்தோடு விட்டிருக்கலாம். காரில் போகும்போது அந்தப் படத்தை சர்ச் நண்பர்களுக்கு அனுப்பிவைத்தான். 'என் முதல் பெரிய மீன்!' வீடு போய்ச் சேர்வதற்குள் அறுபது பாராட்டு. ஒவ்வொன்றும் சுருக்கென்று குத்தியது. அறுபது குத்து வாங்கியபின், நாளைக்கே உண்மையைச் சொல்லிவிடுவது என்று தீர்மானித்தான்.

மறுநாள் ஆராதனைக்கு முன்னால், காபி மேசையருகே சர்ச் நண்பன் ஹார்லன் அவனைக் கட்டிப்பிடித்துக்கொண்டான்.

"வாய்யா, கடல் ராஜா!"

"ஹார்லன், அதை நான் பிடிக்கல. லொரெட்டாதான் பிடிச்சா."

மேசையைச் சுற்றி நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"கேட்டீங்களா?" ஹார்லன் நெஞ்சில் கை வைத்துக்கொண்டான். "பொண்டாட்டிக்கு எப்படி விட்டுக்கொடுக்கிறான் பாருங்க!"

"நிஜமாத்தான்யா! நான் வாந்தி எடுத்துட்டு வாளியோட கிடந்தேன்."

"அவளுக்காகத் தன்னை இவ்வளவு தாழ்த்திக்கிறானே! நானா இருந்தா செய்யமாட்டேன்பா."

வென்டல் மூன்றாவது முறை மறுக்க வாயைத் திறந்தான். அதற்குள் அவன் தோளில் ஒரு கை விழுந்தது. பாஸ்டர் கிளைட்டன். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். கண்ணைத் துடைத்துக்கொண்டு அவன் தோளைத் தட்டிக்கொடுத்தார். தட்டல் இதமாக இருந்தது.

வென்டல் வாயை மூடிக்கொண்டான்.

பிரசங்கத்தின் நடுவே பாஸ்டர் சட்டென்று நிறுத்தினார்.

"பிரியமானவர்களே, தனக்குக் கிடைத்த மகிமையை மனைவிக்குக் கொடுத்த ஒரு மனிதர் நம் நடுவே இருக்கிறார். சகோதரர் வென்டல், எழுந்து நில்லுங்கள்!"

வென்டல் எழுந்தான். மிக அடக்கமாகத் தலையைக் குனிந்துகொண்டான். சபை முழுவதும் கைதட்டியது. தட்டாமல் உட்கார்ந்திருந்தது லொரெட்டா ஒருத்திதான்.

"இப்படி ஒரு புருஷன் கிடைச்சும், ஒரு கை தட்ட மனசு வரல பாரு," என்று பின்வரிசையில் ஒருத்தி முணுமுணுத்தாள்.

லொரெட்டாவின் மடியில் கிடந்த இரண்டு உள்ளங்கைகளிலும், உரிந்துபோன தோலின்மேல் கனமாகக் கட்டுப் போட்டிருந்தது.