அம்சவள்ளியின் பிரசவ லீவு

பிரசவமாகிப் பன்னிரண்டாம் நாள். மரக்காணத்து உப்பள ஆபீசில் அம்சவள்ளி சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பால் கட்டி மாரெல்லாம் வலித்தது.

"மூணு மாச லீவுன்னு நீங்கதானே கையெழுத்துப் போட்டீங்க, சார்?"

"அதைக் கேன்சல் பண்ணியாச்சு. நாளைக்கே பாத்திக்கு வந்துடு. லீவுக்குக் குடுத்த சம்பளத்தையும் வாராவாரம் புடிச்சிக்குவோம்" என்றார் மேனேஜர்.

"ரத்தப்போக்கு இன்னும் நிக்கலீங்க. உப்புத்தண்ணியில எப்படிங்க எறங்குவேன்?" அவர் காலில் விழுந்தாள்.

மேனேஜர் காலை இழுத்துக்கொண்டார்.

"பிள்ளையப் பாத்துக்கத்தான் லீவு. அதைப் பொதைச்சாச்சுன்னு உன் புருஷனே சொல்லிட்டான். அப்புறம் வீட்டுல உனக்கு என்ன வேலை?"

"செத்தது பிள்ளைதானுங்க, சார். பெத்த உடம்பு இன்னும் உசுரோட இருக்குதுங்களே!"

மறுநாள் விடிந்ததும் அவள் பாத்தியில் இறங்கினாள்.