ஏழாவதாக வந்தவன்

இணையத்தில் பெயரை மறைத்து யாரையாவது திட்டி எழுதினால், முப்பது நாளுக்குள் அவர் முன்னால் போய் நின்று அதை வாசிக்க வேண்டும் என்பது புதுச் சட்டம். இல்லையென்றால் எழுதியவரின் இணையக் கணக்கு போய்விடும். மாரிக்கனி மோட்டார் பழுதுபார்க்கும் வீடியோக்களின் கீழே அப்படித் திட்டி எழுதியவர்கள் இருநூறு பேர். அவள் பட்டறை இருக்கும் ராஜபாளையம் வரை வந்தவர்கள் ஆறு பேர்தான்.

ஏழாவதாக வந்தவன் பட்டறை வாசலில் பைக்கை நிறுத்திவிட்டு, போனைப் பார்த்து முனகினான்.

"மோட்டார் ஓடுதுல்ல, கேக்கல. சத்தமா படிங்க" என்றாள் மாரிக்கனி, சுற்றிக்கொண்டிருந்த செம்புக் கம்பிக் காயிலிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"பொம்பளைக்கு எதுக்கு ஸ்பேனர்? போய்ச் சோறு பொங்கு."

எதிர் டீக்கடையில் எல்லோரும் திரும்பினார்கள். அவள் கையைத் துடைத்துக்கொண்டு, வாசித்ததற்குச் சாட்சியாக அவன் போனில் கைரேகை வைத்தாள்.

"முடிஞ்சுது. கிளம்புங்க."

அவன் கிளம்பவில்லை. பைக்கின் பின்னால் கட்டியிருந்த சாக்கை அவிழ்த்தான். உள்ளே, கருகிப்போன தண்ணீர் மோட்டார்.

"மூணு கடையில முடியாதுன்னுட்டாங்க. உங்க வீடியோவுல இதே மாடலப் பாத்தேன்க்கா."

மாரிக்கனி, மோட்டாரில் கட்டும் அட்டையையும் பேனாவையும் எடுத்தாள்.

"பேரு?"

அவன் தயங்கினான்.

"பேரில்லாத மோட்டாரை நான் தொடுறதில்ல."

"தவசிலிங்கம்" என்று முனகினான்.

"கேக்கல."

"தவசிலிங்கம்."

தெரு முழுக்கக் கேட்டது.