வாசல் கல்

ஒரு சின்னக் கண்ணாடித் தொட்டி நிறைய உப்புத் தண்ணீர். அடி மணலில் பொந்து தோண்டி மூன்று அண்ணன் தம்பி மீன்கள் குடியிருந்தன. கல்லை வாயில் கவ்வி வந்து வாசல் கட்டுவதுதான் அவற்றின் வேலை. தூரத்துக் கல்லைவிடப் பக்கத்து வீட்டுக் கல் எப்போதும் லேசாக இருந்தது.

சின்னவன் வாய் நிறைய முட்டைகள்; அவர்கள் இனத்தில் அப்பா மீன்தான் முட்டைகளை வாயில் வைத்துக் காக்கும். பொரிக்கிறவரை அவனால் கல் தூக்கவும் முடியாது, ஏன் என்று கேட்கவும் முடியாது. அண்ணன்மார் அவன் வாசலையே காலி பண்ணிவிட்டார்கள். திறந்த பொந்தைப் பார்த்தபடி ஒரு நண்டு காத்திருந்தது.

நத்தை அத்தைக்கு மனசு கேட்கவில்லை.

"பெரியவனே, அவன் கல்லைக் குடுத்துடுப்பா."

"முதல்ல நடுவனைக் குடுக்கச் சொல்லுங்க அத்தை."

"நானா? அண்ணன்தான் திருடன்!"

"முட்டை சுமக்கிறவன் வீட்டிலயாடா கை வைப்பீங்க?"

"எங்களுக்கு ஏது அத்தை கை?"

"கடவுளே, இதுங்களோட என்னால முடியல" என்று அத்தை ஊர்ந்துபோய்ப் பொந்தின் வாயை அடைத்து உட்கார்ந்தாள். ஓட்டுக்குள் ஒடுங்கி வேண்டிக்கொண்டாள். நண்டு வந்து தட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனது.

மறுநாள் முட்டைகள் பொரித்தன. அத்தை கடவுளுக்கு நன்றி சொல்லி முடிப்பதற்குள் ஓடு ஆடியது. பெரியவன் ஒரு பக்கமும் நடுவன் மறுபக்கமும் இழுத்துக்கொண்டிருந்தார்கள்.

"விடுடா, இது என் கல்லு!"

"நான்தான் முதல்ல பார்த்தேன்!"

இத்தனை நாள் கழித்துச் சின்னவன் வாயைத் திறந்தான்.

"ரெண்டு பேரும் விடுங்க. அது என் வாசல் கல்லு."