பிரேக்குக்கு விளக்கெண்ணெய்

"அந்த டின்ல ஆட்டுக் கொழுப்பு கலந்திருக்கா இல்லையான்னு தெரியாம நான் கார்ல காலை வைக்கமாட்டேன்" என்றாள் நாகலக்ஷ்மி.

அவள் கணவர் அனந்தநாராயணன், மாட்டுங்கா வாசகசாலையில் மாதம் ஒருமுறை மூடநம்பிக்கையைக் கண்டித்தும் மனித சமத்துவத்தை ஆதரித்தும் பேசுகிறவர். இப்படி ஒரு கேள்வி தம் வீட்டிலேயே முளைத்தது அவருக்கு அவமானமாக இருந்தது.

பார்ஸிக்காரர் ஜஹாங்கீர் ஓட்டிச் சலித்து விற்ற கார் அது. வயது பதினைந்து. அதன் பிரேக் ஆயிலைப் பற்றி அவர் மனைவிக்கு அரைமணி நேரம் விளக்கினார். பெடலை மிதித்தால் அந்த ஆயில்தான் குழாய் வழியே ஓடிச் சக்கரத்தைப் பிடிக்கிறது. பழைய காரின் வாஷர்கள் அசல் ரப்பர். அவற்றுக்கு ஒத்துக்கொள்வது ஒரே வகை ஆயில். இன்னொரு டின்னோடு அதைக் கலக்கக் கூடாது. வேறு எண்ணெய் ஒரு சொட்டுப் பட்டாலும் ரப்பர் பூரியாக உப்பிவிடும். டின்னைத் திறந்து போட்டால் பம்பாய்க் காற்றின் ஈரத்தையெல்லாம் அது குடித்துவிடும். வருஷா வருஷம் மழைக்கு முன்னால் பழையதை வடித்துப் புதியதை ஊற்றவேண்டும்.

இத்தனையும் அவருக்குத் தெரியும். காரின் காலடியில் அந்த ஆயில் நிற்கும் டப்பாவின் மூடியைத் திறக்க மட்டும் தாராவியிலிருந்து மெக்கானிக் வேதமுத்து வரவேண்டும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை வேதமுத்து ஒரு மணி நேரம் தாமதமாகத்தான் வந்திருந்தான். கைக்குழந்தை விடாமல் அழுகிறது, அவனும் மனைவி லூசியம்மாளும் இரண்டு நாளாகக் கண்மூடவில்லை என்றான். பிரேக் ஆயில் அதற்கெல்லாம் காத்திருக்காது என்று அவனுக்கும் கால்மணி நேரம் விளக்கம் கிடைத்தது.

"அதெல்லாம் சரி. வழவழன்னு இருக்கே, அது எந்தப் பிராணியோடது?" என்றாள் நாகலக்ஷ்மி.

பிராணியுடையது அல்ல, ரசாயனம் என்றார். ரசாயனத்தின் பூர்வீகம் என்ன என்று கேட்டாள். அவர் டின்னைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அப்படியானால் தன் கையால் காய்ச்சிய விளக்கெண்ணெயையே ஊற்றிவிட்டால் செம்பூர்க் கோவிலுக்கு மனசாட்சியோடு போகலாமே என்றாள்.

"பிரேக்குக்கு விளக்கெண்ணெயா? காருக்கு என்ன மலச்சிக்கலா?" என்றார் அவர்.

இந்த நகைச்சுவையை வாசகசாலையிலும் ஒருமுறை சொன்னார். படித்தவர்கள் நிறைந்த சபை விழுந்து விழுந்து சிரித்தது. நாகலக்ஷ்மியைத் திருத்த முடியாது என்று தெருவே தீர்மானித்தது.

எண்ணெயைத் தரக்கூடாது என்றும் அவர் உத்தரவிட்டார். சமையலறைச் சாமான் எதுவும் பட்டறை ஆள் கைக்குப் போகக் கூடாது என்பது அந்த வீட்டில் ஏற்கெனவே சட்டம். முன்பு ஒருநாள் மழையில் நனைந்து வந்த வேதமுத்துவுக்கு அவள் ஒரு டம்ளர் ரசம் கொடுத்துவிட்டாள். இன்று ரசம் என்றால் நாளை சம்பந்தம் என்று சமத்துவப் பேச்சாளர் இரண்டு நாள் முணுமுணுத்தார்.

மூன்று மாதம் கழிந்தது. மழை தொடங்குமுன் பழைய ஆயிலை வடிக்கும் நாள். ஸ்பானரைத் தேடி வேதமுத்துவின் கருவிப் பைக்குள் கைவிட்ட அனந்தநாராயணனிடம், துணி சுற்றிய ஒரு பாட்டில் சிக்கியது. உள்ளே விளக்கெண்ணெய். மேலே ஒட்டிய சீட்டில் 'மடி' என்று மனைவியின் கையெழுத்து.

"இதை என் பிரேக்கில ஊத்தினயா?"

"இல்ல ஐயா. சத்தியமா ஒரு சொட்டு ஊத்தல."

அவர் நம்பவில்லை. காலடிப் பலகையைத் தூக்கி, டப்பாவுக்குள் விரலை விட்டுத் தேய்த்தார், மோந்தார். அதே பழைய டின் ஆயில். பிரேக் பிழைத்தது. மனிதர் அதற்குச் சந்தோஷப்பட்டிருக்கலாம். நியாய உணர்ச்சி அவரை விடவில்லை. மாமி எத்தனை பாட்டில் கொடுத்தாள் என்று விசாரித்தார். இது மூன்றாவது என்று வேதமுத்து ஒப்புக்கொண்டான்.

"ஊத்தியிருந்தா நீ முட்டாள். ஊத்தலைன்னா நீ திருடன். ரெண்டுல எதுன்னு நீயே சொல்லு."

வேதமுத்து பால்கனியை ஒருமுறை அண்ணாந்து பார்த்தான். இரண்டில் எதையும் அவன் தேர்ந்தெடுக்கவில்லை.

இனி இந்தப் பக்கம் வரவேண்டாம் என்றார் அனந்தநாராயணன். தெருவிலிருந்த மற்ற ஐந்து கார்க்காரர்களிடமும் இன்றே சொல்லிவிடுவதாகவும் அறிவித்தார். அந்த ஆறு கார்களை நம்பித்தான் தாராவியில் லூசியம்மாளின் அடுப்பு எரிந்தது. ஜன்னல்கள் ஒவ்வொன்றாகத் திறந்தன.

நாகலக்ஷ்மி படியிறங்கி வந்தாள். புடவைத் தலைப்புக்குள் எதையோ வைத்திருந்தாள்.

"பார்த்தயா உன் மெக்கானிக்கை? உன் மடி எண்ணெயை மூணு மாசமா வாங்கி முழுங்கியிருக்கான். நீ இத்தனை நாளும் அந்த டின் ஆயில்லதான் கோவிலுக்குப் போயிண்டிருந்தே" என்றார் அவர், வெற்றியோடு.

அவள் அவர் பக்கம் திரும்பவே இல்லை. தலைப்பை விலக்கி, நாலாவது பாட்டிலை எடுத்து, ஆறு வீட்டு ஜன்னல்களும் பார்க்க வேதமுத்துவின் கையில் வைத்தாள்.

"இதையும் லேசா சுடவச்சு, குழந்தைக்குத் தொப்புளைச் சுத்தித் தடவச் சொல்லு லூசியம்மாகிட்ட. மறந்துபோய்ப் பிரேக்கில ஊத்திடாதே, ரப்பர் பூரியா உப்பிடும்."