செவ்வாய்க்கிழமைத் திரை

பால் பண்ணையின் வண்டிகளை அனுப்பிவைக்கும் அந்தக் கம்ப்யூட்டருக்கு உடம்பு கிடையாது. வேறொரு பெரிய கம்ப்யூட்டருக்குள் குடியிருந்தது. அதைப் பார்த்துக்கொண்ட சுகந்திக்கும் பெர்க்மான்ஸுக்கும் வேறு வேறு ஷிப்ட். சொல்ல வேண்டியதை அதன் திரையிலேயே ஒரு நோட்பேடில் தட்டி, திறந்தபடி விட்டுப் போவார்கள். வியாழக்கிழமை ஷிப்ட் மாறும் நேரத்தில் அது படுத்துவிட்டது. வாசலில் பால் வண்டிகள் விடாமல் ஹாரன் அடித்தன.

"வண்டி விவரத்தை மட்டும் எடுக்க முடியாதா?" என்றாள் சுகந்தி.

"இந்த சாஃப்ட்வேர்ல முடியாதுங்க. செவ்வாய்க்கிழமை காலையில எடுத்த பேக்கப்பைப் போட்டா, திரையில இருந்தது உட்பட மொத்தமா அந்த நேரத்துக்குத்தான் போகும்," என்ற பெர்க்மான்ஸுக்குச் சட்டென்று முகம் வெளுத்தது. "வேற பேக்கப் எதுவும் இல்லையா?"

வேறு இல்லை. அவள் பட்டனைத் தட்டினாள். பேக்கப் எடுத்த நொடியில் எப்படி இருந்ததோ அப்படியே திரை எழுந்து வந்தது. நோட்பேடும் திறந்திருந்தது.

'ரீஸ்டார்ட் பண்ண வேண்டாம். டிஸ்க் நிறையுது. சுகந்தி, நீங்க என்னைக் கல்யாணம்'

அந்த இடத்தில் கர்சர் துடித்துக்கொண்டிருந்தது.

"அதை அன்னிக்கே அழிச்சிட்டேன்," என்றான் பெர்க்மான்ஸ், ஏசியைப் பார்த்தபடி.

வெளியே முதல் வண்டி கிளம்பியது. அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு, அதற்குக் கீழே ஒரே ஒரு வார்த்தை தட்டினாள். அவன் எட்டிப் பார்க்குமுன் கையால் மறைத்துக்கொண்டாள்.

"நான் அழிக்கிறதுக்குள்ள ஒரு பேக்கப் எடுங்க."