பல்லி வாயை மூடிய நாள்

கோதண்டம் வீட்டு ஹால் சுவருக்கு ஒரே குளிர். மொட்டைமாடியில் தேங்கிய மழைத்தண்ணீர் உள்ளே இறங்கி, இட்லி அளவுக்கு இருந்த ஈரம் தாம்பாளம் அளவுக்குப் பரவிவிட்டது.

“பெயின்ட் உரியுது, உடம்பெல்லாம் ஊறுது. யார்கிட்டயாவது சொல்லேன்,” என்றது சுவர், தன்மேல் குடியிருந்த பல்லியிடம்.

“தினமும் கத்திக்கிட்டுதானே இருக்கேன்!” என்றது பல்லி.

கத்தத்தான் செய்தது. “மழை விடட்டும், அப்புறம் பார்த்துக்கலாம்,” என்று கோதண்டம் சொல்லும்போதெல்லாம் பல்லி பதறிப்போய் “ச்சு ச்சு” என்றது. உடனே அவர் மனைவி மரகதத்திடம், “பார்த்தியா, பல்லியே சொல்லிடுச்சு! நல்ல சகுனம்,” என்று சாய்ந்து உட்கார்ந்துகொள்வார்.

சுவர் யோசித்தது. “நீ சொல்ற நேரம்தான் தப்பு. அவர் பேசுறப்ப வாயை மூடிக்கோ. அந்தம்மா பேசினதும் கத்து.”

மறுநாள் காலை மரகதம், “என்னங்க, மாடியில தண்ணி போற குழாய்ல சருகு அடைச்சிருக்கு. இப்பவே போய் எடுங்க,” என்றாள்.

“ச்சு ச்சு ச்சு!”

கோதண்டம் பேப்பரைப் போட்டுவிட்டு எழுந்தார். சற்று நேரத்தில் குழாய் கொடகொடவென்று கொட்டியது. அடுத்து வந்த வெயிலில் சுவர் காய்ந்து கதகதப்பானது.

“மழைக்காலம் பூரா நான் இதையேதானே சொன்னேன்?” என்றாள் மரகதம்.

“பல்லி சொல்லலையே!”

மரகதம் நிமிர்ந்து பல்லியைப் பார்த்தாள். அன்று சாயங்காலம், பூச்சி நிறைய வரட்டும் என்று, அந்தச் சுவரின் ட்யூப்லைட்டை இருட்டுவதற்கு முன்பே போட்டுவிட்டாள்.